முதலில் கிளாஸ், அப்புறம் இலை: மதியச் சாப்பாட்டில் இளம் ஒயின்களைச் சுவைத்து மதிப்பிட முழுமையான வழிகாட்டி

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிறு மதியம் கூடுவோம். ஆறு பேர், நாலு பாட்டில், ஒரு சாப்பாடு. புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் இடறுவார்கள். மிளகாய் பஜ்ஜியைக் கடித்த வாயோடு சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு "தொண்டை எரியுதே" என்பார் ஒருவர். கேசரி சாப்பிட்ட வாயோடு வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு "புளிச்சுப் போச்சு போல" என்பார் இன்னொருவர். இருவரும் மார்க் போட்டது பஜ்ஜிக்கும் கேசரிக்கும்தான். ஒயினுக்கு இன்னும் முறையே வரவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். எல்லா ஒயினையும் வெறும் வாயில் ஒரு சுற்று, சாப்பாட்டோடு இன்னொரு சுற்று. இரண்டு சுற்றுக்கும் தனித்தனிக் குறிப்பு. 21 வயது நிரம்பியவர்களை மட்டும் அழையுங்கள்.

1. பாட்டில் வாங்குவது

அறுவடையாகி ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குள் இருப்பதைத்தான் இங்கே இளம் ஒயின் என்கிறேன். லேபிளில் இருக்கும் ஆண்டு திராட்சையைப் பறித்த ஆண்டு. ஐரோப்பாவில் பறிப்பது பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. நம் நாட்டில் மழையில் காய் அழுகாமல் இருக்க, கொடியை வருடத்தில் இரண்டு முறை கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வாக்கில் பறிக்கிறார்கள். ஆகவே ஒரே ஆண்டு போட்ட நாசிக் பாட்டிலும் பிரெஞ்சு பாட்டிலும் ஒரே வயது கிடையாது. நம்முடையது அரை வருடம் மூத்தது. ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டு "நம்ம ஒயின் சீக்கிரம் களைத்துவிடுகிறது" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

முதல் தடவைக்கு நாலு பாட்டில் போதும்: சாவிஞான் பிளாங்க், செனின் பிளாங்க் என்று இரண்டு வெள்ளை; ஷிராஸ், கேபர்னே சாவிஞான் என்று இரண்டு சிவப்பு. நாலு திராட்சை வகையும் இங்கேயே விளைகின்றன. நாசிக்கில் சூலா, அக்லூஜில் ஃபிராட்டெல்லி, நந்தி மலைப் பக்கம் குரோவர் சாம்பா, ஹம்பி பக்கம் கிருஷ்மா என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. நாலும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருக்கட்டும். ஓக் பீப்பாயில் வைத்ததை இந்தத் தடவை தவிர்த்துவிடுங்கள். பீப்பாய் தரும் வெனிலா, கிராம்பு மணம் திராட்சையின் மணத்தை மூடிவிடும். பழகாத மூக்கு அதையே திராட்சையின் குணம் என்று எழுதிவைக்கும்.

செனின் பிளாங்க் வாங்கும்போது பின் லேபிளைப் படியுங்கள். இங்கே விற்பதில் பல லேசான இனிப்போடு இருக்கும். அது குறை இல்லை, சாப்பாட்டுச் சுற்றில் உதவவும் செய்யும். ஆனால் தெரியாமல் வாங்கக் கூடாது.

கடையில் பாட்டில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு ஏப்ரலில் நான் வாங்கிய ஷிராஸ், தெருவைப் பார்த்த கண்ணாடி ஓரத்து மேல் தட்டில் இருந்தது. திறந்தால் கொதித்த ஜாம் மணம். கார்க்கை உற்றுப் பார்த்தபோதுதான் அது பாட்டில் வாயை விட்டு ஒரு நூல் மேலே தள்ளி நின்றது தெரிந்தது. சூட்டில் ஒயின் விரிந்து தள்ளிய வேலை அது. அன்றிலிருந்து மூடியை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். திருகு மூடி போட்ட பாட்டிலில் இந்தத் தடயம் கிடைக்காது. அங்கே வெயில் படாத கீழ்த் தட்டுதான் ஒரே பாதுகாப்பு.

2. குளிர வைப்பது

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வருவார்கள். அந்த அறை குளிர் நாட்டு அறை. ஏப்ரல் மதியம் நம் மாடி அறை 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் முதலில் எழும்புவது ஆல்கஹால். பழ மணம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கிளாஸில் வெள்ளை 8 முதல் 12 டிகிரி, சிவப்பு 15 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும். வெள்ளையை மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். ஃபிரிட்ஜின் 4 டிகிரி குளிரில் மணம் வாயே திறக்காது. சிவப்பை ஊற்றுவதற்கு 30 முதல் 40 நிமிடம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்கு மேல் போனால் துவர்ப்பு முரடாகிவிடும்.

மறந்துவிட்டீர்களா? வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கை உப்பு. கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸில் செருகினால் இடுக்கில் காற்று நிற்பதால் நேரம் பிடிக்கும். ஃபிரீசர் வேண்டாம். என் மைத்துனர் வைத்துவிட்டு மறந்து, மறுநாள் ஐஸ்கிரீம் பெட்டியெல்லாம் சிவப்பாக இருந்தது.

3. வீட்டு வாசனையை அடக்குவது

உணவகத்தில் செய்வதைவிட வீட்டில் செய்வது கடினமாவது இங்கேதான். சமையல் காலை பத்தரைக்குள் முடிந்து, பாத்திரங்கள் மூடியிருக்க வேண்டும். கடைசித் தாளிப்பையும் அப்பளம் பொரிப்பதையும் முதல் சுற்று முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்த அறையில் இளம் வெள்ளை ஒயினின் மணத்தைத் தேடுவது கல்யாண மண்டபத்தில் ரகசியம் பேசுவது மாதிரி.

அன்று காலை ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட் எதுவும் வேண்டாம். மூக்கு சுற்றியுள்ள மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகி அதைக் கவனிப்பதையே விட்டுவிடும். கிளாஸில் அதே ஜாதி மணம் இருந்தால் அதுவும் சேர்ந்து காணாமல் போகும். ஃபில்டர் காபி பத்து மணியோடு சரி. பல் தேய்த்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெற்றிலை பாக்கு சாப்பாட்டுக்கு அப்புறம்.

பூ விஷயத்தில்தான் சங்கடம். கீழ் வீட்டு அக்கா முதல் தடவை வந்தபோது தலை நிறைய மல்லிகை. "அக்கா, பூவை மட்டும் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்கலாமா?" என்று தயங்கிக் கேட்டேன். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி" என்று எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தார். இப்போதெல்லாம் அழைக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

4. மேசையும் படிக்கமும்

கிளாஸ் அடி அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். குறுகிய வாய்தான் மணத்தைக் கூட்டி மூக்குக்குக் கொடுக்கிறது. விலையைவிட முக்கியம் எல்லோருக்கும் ஒரே வடிவம் என்பது. வடிவம் மாறினால் ஒரே ஒயின் இரண்டு மாதிரி மணக்கும். சோப்பு மணம் போக வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலர்த்துங்கள். ஊற்றுவதற்கு முன் காலி கிளாஸை முகர்ந்து பார்ப்பது நல்லது. அலமாரி மணம் சிக்கும்.

அளவுக் கணக்கு இப்படி. ஒரு பாட்டில் 750 மில்லி. முதல் சுற்றில் ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் ஆறு பேருக்கு 300 போகும். மீதி 450 சாப்பாட்டுக்கும் மறுநாளுக்கும். 50 மில்லி எவ்வளவு உயரம் வரும் என்று முன்பே தண்ணீரை அளந்து ஊற்றிக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். நாலு பாட்டிலையும் ஆறு பேர் தீர்த்தால் ஆளுக்கு அரை லிட்டர் ஆகிவிடும். மூன்றாவது கிளாஸிலேயே தீர்ப்பு தாறுமாறாகும். ஆகவே முதல் சுற்றில் விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும்.

துப்புவதற்குத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். நம் பாட்டிமார் பித்தளைப் படிக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டவர்கள்தானே! ஆளுக்கொரு எவர்சில்வர் சொம்பு வைத்தால் போதும். வாஷ்பேசினில் தண்ணீரை வைத்து இரண்டு முறை பழகினால் மேசையில் சிந்தாது.

துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், சாப்பாட்டுச் சுற்றில் விழுங்கவும் செய்வீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வண்டி ஓட்டச் சட்டம் தரும் எல்லை. அந்தக் கணக்குக்குள் நிற்கப் பார்ப்பதைவிட ஆட்டோ பிடிப்பது சுலபம்.

இவற்றோடு தண்ணீர், ஒரு கிண்ணம் வெறும் சோறு, வெள்ளைத் தாள், பேனா. வாயைத் துடைக்க வெறும் சோறு ஒரு வாய் போதும். பிஸ்கட்டில் இனிப்பு, பொரியில் உப்பு. இரண்டும் வேலையைக் கெடுக்கும்.

5. வாயைப் பழக்குவது

புதியவர்கள் வந்தால் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவேன். மூன்று டம்ளர்: ஒன்றில் சர்க்கரையும் உப்பும் போடாத எலுமிச்சைத் தண்ணீர், ஒன்றில் அரை மணி நேரம் தூளிலேயே ஊறிய கறுப்புத் தேநீர், ஆறியது, ஒன்றில் லேசான சர்க்கரைத் தண்ணீர். ஒவ்வொன்றாக வாயில் வைத்துத் துப்பி, எங்கே என்ன நடக்கிறது என்று கவனிக்கச் சொல்வேன்.

எலுமிச்சையில் எச்சில் ஊறும். தேநீரில் ஈறு வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் உரசும். முதலாவது புளிப்பு, இரண்டாவது துவர்ப்பு. ஒயினில் புளிப்பு அமிலத்தால் வருகிறது, துவர்ப்பு டானினால். சிவப்பு ஒயின் தோலோடும் கொட்டையோடும் ஊறுவதால் அதில் டானின் அதிகம்.

நமக்கு இதில் ஒரு வசதி: துவர்ப்பு என்ற சொல்லை அறுசுவையில் வைத்தே வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூவும் நாவல்பழமும் தின்ற வாய்க்கு டானினை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சிவப்பு ஒயினைக் குடித்ததும் "கசப்பு" என்றே சொல்கிறார்கள். பாகற்காயை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் உணர்ந்தால் கசப்பு. ஈறைப் பிடித்தால் துவர்ப்பு. சந்தேகம் தீரவில்லையென்றால் பெருநெல்லிக்காயைக் கடித்துப் பாருங்கள். எச்சில் ஊறுவதும் ஈறு இறுகுவதும் ஒரே வாயில் தெரியும்.

6. ஊற்றும் வரிசை

சாவிஞான் பிளாங்க், செனின் பிளாங்க், ஷிராஸ், கேபர்னே சாவிஞான். வெள்ளைக்குப் பின் சிவப்பு, இனிப்பு இல்லாததற்குப் பின் இனிப்புள்ளது, துவர்ப்புக் குறைந்ததற்குப் பின் கூடியது. திருப்பிப் போட்டால் கேபர்னேயின் துவர்ப்பு வாயில் தங்கி வெள்ளையைத் தண்ணீராக்கிவிடும்; இனிப்புச் செனினுக்குப் பின் வரும் சாவிஞான் பிளாங்க் வெறும் புளியாகத் தெரியும்.

பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எண் போடுங்கள். வெளிநாட்டு லேபிளைப் பார்த்ததும் மார்க் தானாக ஏறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், என் தாளிலும்தான்.

இன்னொரு விதி: எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் "மாம்பழம்" என்றால் போதும், ஆறு பேருக்கும் மாம்பழம் மணக்கும்.

7. கண்

இதற்கு அரை நிமிடம் போதும். வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இளம் வெள்ளை வெளிறிய மஞ்சளாக, சிலசமயம் பச்சை சாயலோடு இருக்கும். பீப்பாய் படாமலே பொன்னிறமாகியிருந்தால் காற்றோ சூடோ பட்டிருக்கலாம். இளம் சிவப்பின் ஓரம் நாவல்பழக் கறை நிறம். செங்கல் நிறம் தட்டினால் வயதுக்கு மீறி முதிர்ந்துவிட்டது என்று குறித்துக்கொண்டு, மூக்கிடம் உறுதி கேளுங்கள். கிளாஸ் சுவரில் வழியும் கோடுகளைக் காட்டிப் பெருமை பேசுவோர் உண்டு. அதிலிருந்து தரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

8. மூக்கு

முதலில் கிளாஸை ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். லேசான மணங்களும் சில குறைகளும் அப்போதுதான் தெரியும். பிறகு கிளாஸை மேசையில் வைத்தபடியே வட்டமாகச் சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டு மூன்று குட்டி மூச்சு. ஆழமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். மரத்துப்போனால் உங்கள் புறங்கையை முகருங்கள், திரும்பிவிடும்.

"எனக்கு ஒயின் வாசனைதான் வருது" என்பார்கள். அவர்களிடம் மணத்தின் பெயரைக் கேட்பதில்லை. காயா, பழமா, வற்றலா? இதை மட்டும் கேட்பேன். காய் என்றால் எலுமிச்சையா கொய்யாவா. பழம் என்றால் மஞ்சளா கறுப்பா. மூன்று கேள்வியில் ஒரு பெயர் வந்துவிடும். பாடப் புத்தகம் கேபர்னேயில் பிளாக்கரண்ட் என்னும். அந்தப் பழத்தைத் தின்றவர் எங்கள் மேசையில் ஒருவரும் இல்லை. நாவல்பழம் என்றே எழுதுங்கள். அடுத்த தடவை நீங்கள் படித்து ஞாபகம் வைக்கத்தான் குறிப்பு.

சாவிஞான் பிளாங்கில் கொய்யா, எலுமிச்சைத் தோல், பச்சைக் குடைமிளகாய் வரலாம். குடைமிளகாய் என்பது உவமை இல்லை. மெத்தாக்சிபைரசின் என்ற மணப்பொருள் இரண்டிலும் உண்டு. கேபர்னேயிலும் வரும். சிவப்பில் அது தூக்கலாக இருந்தால் காய் முழுதாகப் பழுக்கும் முன் பறித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். செனினில் பேரிக்காய், ஆப்பிள், கொஞ்சம் தேன்.

ஷிராஸில் மிளகு. இதற்குக் காரணமான ரோட்டண்டோன் மிளகிலும் இருக்கிறது. ஷிராஸில் அதைக் கண்டுபிடித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரிவதே இல்லை. எங்கள் மேசையில் அந்த ஒருவர் மைத்துனர். மிளகு டப்பாவை நீட்டினால் மணக்கிறது என்கிறார், மிளகில் வேறு மணங்களும் இருப்பதால். கிளாஸில் மட்டும் இல்லவே இல்லை என்கிறார். கீழ் வீட்டு அக்காவோ மிளகு ரசமே வைத்துவிடலாம் என்கிறார். இதில் வாதாடிப் பயனில்லை. இரண்டும் சரி.

மிக இளம் ஒயினில் வாழைப்பழம், மிட்டாய் மணம் தூக்கலாக இருந்தால் அதற்கு அதிக மார்க் கொடுக்காதீர்கள். புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர் என்ற மணப்பொருள்கள் அவை. சில மாதங்களில் வடிந்துவிடும். அடியில் திராட்சையின் மணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

9. வாய்

முதல் வாய் கணக்கில் சேராது. அது வாயைக் கழுவ. இரண்டாவது வாயிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு மேசைக்கரண்டி அளவு எடுத்து, கொப்பளிப்பது போல் எல்லாப் பக்கமும் படவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். காற்று மணத்தை வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏற்றும். பத்து விநாடி வைத்துத் துப்புங்கள். இந்தப் பத்து விநாடிக்குள் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. ஒரு வாய்க்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு: நாக்கு நுனியில் உண்மையிலேயே சர்க்கரை இருக்கிறதா, அல்லது கொய்யா மணத்தை வைத்து இனிப்பு என்று நினைக்கிறீர்களா? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தால் தெரிந்துவிடும். புதியவர்கள் அதிகம் தவறுவது இதில்தான்.

புளிப்பு: துப்பிய பிறகு தலையைக் குனிந்து எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று பாருங்கள். எவ்வளவு ஊறுகிறது என்பதோடு, அது பழத்தோடு சேர்ந்திருக்கிறதா, தனியாக நிற்கிறதா என்றும் பாருங்கள். வெப்பமான இடத்தில் திராட்சை பழுக்கும்போது அதன் மாலிக் அமிலம் வேகமாகக் குறையும். அதை ஈடுகட்ட டார்டாரிக் அமிலம் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். பக்குவமாகச் சேர்ந்தால் தெரியாது. இல்லையென்றால் புளி சரியாகக் கரையாத குழம்பு மாதிரி ஓரமாக நிற்கும்.

துவர்ப்பு: சிவப்புக்கு இதுதான் முக்கியக் கேள்வி. அளவும் தரமும் வேறு வேறு. நல்ல இளம் சிவப்பில் ஈறை இறுக்கும், ஆனால் மெல்லிய பொடி தடவியது போல் இருக்கும். நாக்கில் தேங்காய் நார் உரசுவது போல் இருந்தால் முரடு. அதிகத் துவர்ப்பு குறை இல்லை. முரட்டுத் துவர்ப்புதான் குறை.

ஆல்கஹால்: துப்பிய பின் தொண்டையில் சூடு. லேபிளில் 13 சதவீதம் என்றிருந்தாலும் பழம் போதுமான அளவு இருந்தால் சூடு தெரியாது. தெரிந்தால் எழுதுங்கள். எழுதும் முன் ஒயின் சூடாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளம்: துப்பியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள். பழமும் மணமும் எத்தனை எண்ணும் வரை இருக்கின்றன? புளிப்பும் சூடும் மட்டும் மிஞ்சிய இடத்தில் எண்ணிக்கையை நிறுத்திவிட வேண்டும். ஐந்துக்குள் நின்றால் குட்டை, பத்தைத் தாண்டினால் நல்லது. இது நான் வைத்துக்கொண்ட அளவுகோல், ஆனால் ஆறு பேரின் எண்ணிக்கையும் ஆச்சரியமாக ஒத்துப்போகும். போன தடவை ஒரு ஷிராஸ்: மூக்கில் மிளகும் நாவல்பழமும் ஜோர். வாயில் வைத்ததும் பழம் வந்தது, துவர்ப்பு மெலிதாக இறங்கியது, துப்பினோம். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் ஒன்றுமில்லை. கதவைச் சாத்தியது போல. மூக்கை மட்டும் நம்பியிருந்தால் அதுதான் அன்றைய முதல் பரிசு.

10. குறையா, குணமா?

நனைந்த அட்டைப்பெட்டி மணமா? கார்க்கில் உருவாகும் டி.சி.ஏ. என்ற பொருள். எவ்வளவு சுழற்றினாலும் போகாது, பாட்டிலை ஒதுக்குங்கள். அவித்த முட்டை, தீக்குச்சி மணமா? அவசரப்படாதீர்கள். கந்தகச் சேர்மங்கள் அவை, ஐந்து நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் பறந்துவிடும். நெயில் பாலிஷ், வினிகர் மணம் தூக்கலாக இருந்தால் குறை. அறுத்து வைத்துக் கறுத்த ஆப்பிள் மணம் என்றால் காற்றுப் பட்டது.

குறை என்று பயந்து கொட்டிவிடும் இரண்டு விஷயங்கள் குறையே இல்லை. இளம் வெள்ளையில் நாக்கைக் கிள்ளும் லேசான வாயு: புளித்தபோது உண்டான கார்பன் டை ஆக்சைடில் மிஞ்சியது, புத்துணர்ச்சிக்காகப் பல இடங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அடுத்தது கண்ணாடித்தூள் போல அடியில் படியும் படிகம். டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது. நம் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். ஃபிரிட்ஜில் வைத்ததும் பிரிந்து நிற்கும், கெடுதல் இல்லை.

11. மார்க் போடுவது

இருபதுக்குப் போடுகிறோம். சமநிலைக்கு (புளிப்பு, துவர்ப்பு, சூடு, பழம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதற்கு) 6, மணத்தின் தெளிவுக்கு 5, நீளத்துக்கு 5, அடுக்கடுக்காக மணம் மாறுவதற்கு 4. கடைசி அம்சத்துக்குக் குறைவாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அடுக்குகள் பெரும்பாலும் வயதில் வருபவை. பிள்ளையிடம் தாத்தாவின் அனுபவத்தைக் கேட்க முடியாது. சமநிலை அப்படியில்லை. இளமையில் ஒட்டாமல் நிற்கும் புளிப்பும் சூடும் வயதானாலும் ஒட்டுவது அரிது.

மார்க்குக்குக் கீழே ஒரு வரித் தீர்ப்பு கட்டாயம்: இப்போதே குடிக்கலாம், ஒரு வருடம் வைக்கலாம், அல்லது கிரேவிக்கு ஊற்றலாம். துவர்ப்பு அதிகம், பழமும் அதிகம் என்றால் வைக்கலாம். துவர்ப்பு மட்டும் அதிகம் என்றால் வைத்துப் பயனில்லை. பழம் முதலில் போய்விடும், துவர்ப்பு மிஞ்சும்.

12. இலை போட்ட பிறகு

இப்போது அப்பளம் பொரிக்கலாம். குறிப்புத் தாளைத் திருப்பி நாலு ஒயினின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் மேலே போனதா, கீழே போனதா, அப்படியே இருக்கிறதா என்று அம்புக்குறி போட்டால் போதும். மென்று விழுங்கிய பிறகு ஒரு வாய் ஒயின். வாயில் சோறு இருக்கும்போது குடித்தால் இரண்டும் கரைந்துவிடும், எது எதை மாற்றியது என்று தெரியாது.

அப்பளத்தில் தொடங்குங்கள். உப்பு துவர்ப்பையும் கசப்பையும் தணிக்கும் என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது. முதல் சுற்றில் ஈறைப் பிடித்த கேபர்னே, அரை அப்பளத்துக்குப் பிறகு சாதுவாக இறங்கும். "பாட்டிலை மாத்திட்டீங்களா?" என்று கேட்காத புதியவர் கிடையாது.

அடுத்து எலுமிச்சைச் சாதம். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைக் குறைத்துக் காட்டும். சாவிஞான் பிளாங்க் தாக்குப்பிடித்து இன்னும் பழமாகத் தெரியும். ஏற்கெனவே புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

மீன் வறுவலுக்கு வெள்ளை. சிவப்போடு ஒரு தடவை வேண்டுமென்றே முயன்று பாருங்கள். சில சிவப்புகளில் துருப்பிடித்த வாடை கிளம்பும். ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்வதால் வருவது அது. மட்டன் சுக்காவுக்குக் கேபர்னே. டானின் இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் ஈறை விட்டுவிடும். சைவம் என்றால் நெய்யில் வறுத்த பனீர் அந்த வேலையைச் செய்யும். வாழைப்பூ வடையைக் கேபர்னேயோடு வைக்காதீர்கள். துவர்ப்பின் மேல் துவர்ப்பு, வாயைத் திறக்கவே முடியாது.

காரம்தான் நம் சாப்பாட்டில் பெரிய பிரச்சினை. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், டானின் அதில் உப்புக்காகிதம் தேய்க்கும். சுக்காவை வழக்கத்தைவிடப் பாதிக் காரத்தில் செய்யுங்கள். காரம் விடமாட்டேன் என்பவர்களுக்கு லேசான இனிப்புள்ள செனின், நன்றாகக் குளிர்ந்தது. முதல் சுற்றில் எங்கள் மேசையில் அடிக்கடி கடைசியில் நிற்பது அதுதான், மிளகாய் வந்ததும் முதலிடத்துக்கு ஏறிவிடும். அதற்காக முதல் சுற்று மார்க்கைத் திருத்தாதீர்கள். இரண்டு எண்ணும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

ரசத்துக்கு ஒயின் கிடையாது. சூடும் புளியும் மிளகும் ஒன்றாக வந்தால் எந்த ஒயினும் காணாமல் போகும். ரசத்தை ரசமாகவே குடியுங்கள். ஊறுகாய், தயிர் சாதம், கேசரி மூன்றும் கடைசியில், கிளாஸை எடுத்துவிட்ட பிறகு. கேசரியோடு ஒரே ஒரு வாய் சாவிஞான் பிளாங்கைக் குடித்துப் பார்க்கலாம். முதல் பத்தியில் சொன்னவர் ஏன் "புளிச்சுப் போச்சு" என்றார் என்று புரிந்துவிடும்.

13. மறுநாள்

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கிளாஸ் அளவாவது மிச்சம் வைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். குளிரில் ஆக்சிஜன் மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று நாள் தாங்கும்.

திங்கட்கிழமை இரவு சிவப்பை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு மறுபடி சுவைத்துப் பாருங்கள். காற்றுப் பட்டும் பழம் குறையாமல், துவர்ப்பு மட்டும் தணிந்திருந்தால் "ஒரு வருடம் வைக்கலாம்" என்று எழுதியது சரிதான். தட்டையாகியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அதே மாதத்தில் குடித்துத் தீர்க்க வேண்டியது என்று எழுதுங்கள். மூன்று எண்ணும்வரை நின்ற அந்த ஷிராஸ் திங்கட்கிழமை இரண்டுகூட நிற்கவில்லை. மிச்சத்தை ஈரல் வறுவலில் ஊற்றிவிட்டோம், அது நன்றாகத்தான் வந்தது.